பளிங்குத் தரையை யார் கேட்டது?

சொந்தமாக விமானம் ஓட்டுபவர் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது தேர்தல் காலத்துத் தனி ஜெட்டும் அதன் படிகளில் கையசைத்தபடி இறங்கும் தலைவரும்தான். அமெரிக்கர்களும் இந்த விஷயத்தில் நம்மைவிடப் பெரிய விவரக்காரர்கள் இல்லை. அங்கே ஒரு சிற்றூரின் விமான நிலையத்தைப் பற்றி நகர்மன்றத்தில் பேச்சு எழுந்தால், "பணக்காரர் விளையாட்டுக்கு நம் வரிப்பணமா?" என்று ஒருவர் கேட்பார். "அந்தப் பணக்காரர்கள் நம் ஊருக்கு வர வேண்டுமென்றால் முதலில் வரவேற்பறையைக் கண்ணுக்கு அழகாகக் கட்டுங்கள்" என்று இன்னொருவர் பதில் சொல்வார். எதிரெதிர் அணிபோலத் தெரியும் இருவரும் செய்வது ஒரே தப்பு.

அந்தத் தப்பின்மேல் ஒரு தொழிலே நிற்கிறது. அமெரிக்கச் சிறு விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்புவது, விமானத்தை நிறுத்த இடம் காட்டுவது, தேவைப்பட்டால் இழுத்துப்போய் விடுவது, வந்தவர் உட்கார ஓர் அறை வைத்திருப்பது, இதெல்லாம் எஃப்.பி.ஓ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தரைச்சேவை நிறுவனத்தின் வேலை. சில ஊர்களில் நகராட்சியே இதை நடத்துகிறது. பல ஊர்களில் தனியார் குத்தகை. இந்தத் தொழிலில் வேத வாக்காகிவிட்ட கொள்கை ஒன்று உண்டு: விமானத்தில் வருபவர் வசதியானவர், அவர் எதிர்பார்ப்பது உபசாரம், உபசாரத்துக்கு ஒரு விலை உண்டு, அதை அவர் யோசிக்காமல் கொடுப்பார். சிவப்புக் கம்பளம், சூடான குக்கீ, தோல் சோபா, கல் பதித்த கணப்பு, காபி இயந்திரம் எல்லாம் இதிலிருந்து வந்தவை. 'ஊரின் தலைவாசல்' என்று ஆலோசகர்கள் இதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். தனியார் பைலட்டைப் பொறுத்தவரை இந்தக் கொள்கையில் ஒரு வரிகூட உண்மையில்லை என்பதுதான் என் வழக்கு.

தனியார் பைலட் யார்? அமெரிக்கச் சட்டப்படி 'தனியார் பைலட்' உரிமம் மட்டும் வைத்திருப்பவர் கூலிக்குப் பறக்க முடியாது. நண்பர்களை ஏற்றிக்கொண்டு போனால் எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், வாடகை ஆகியவற்றைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அதிலும் தன் பங்குக்குக் குறையாமல் அவர் கொடுத்தாக வேண்டும். சொந்தப் பறப்பை நிறுவனக் கணக்கில் எழுத வழியில்லை. எந்தக் கட்டணம் வந்தாலும் பெரும்பாலும் அவர் சட்டைப் பையிலிருந்துதான் போகும். அவர் பள்ளி ஆசிரியராக இருக்கலாம், பிளம்பராக இருக்கலாம், ஓய்வு பெற்ற தபால்காரராக இருக்கலாம், விசா காலத்தில் சேர்த்த காசில் வார இறுதியில் பறக்கப் பழகிய நம்மூர் மென்பொருள்காரராகவும் இருக்கலாம். பலருக்குத் தனி விமானம் கிடையாது. கிளப்பில் ஒரு பங்கு இருக்கும், இல்லையென்றால் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுப்பார்கள். நானும் அப்படி ஒரு கிளப்பில் பங்குதாரன்தான். எங்கள் செஸ்னா 172-க்குக் கிட்டத்தட்ட என் வயது. இருக்கை உறை கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறோம்.

இந்த 172 என்ற ரகம் 1956-இல் விற்பனைக்கு வந்தது. 44,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். உலகில் எந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் தயாரானதில்லை. சிறு விமான நிலையத்தில் வந்து இறங்கும் வாடிக்கையாளரின் சராசரி முகம் வேண்டுமென்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர், இரண்டு கதவு, மணிக்கு 8 அல்லது 9 கேலன் குடிக்கும். கேலன் ஆறு டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரப் பறப்புக்கான எரிபொருள் சுமார் 50 டாலர். இப்போது ஒரு பெரிய நகரத்து எஃப்.பி.ஓ.வில் இறங்குகிறீர்கள். சக்கரத்துக்கு ஒருவர் கட்டை வைக்கிறார். திரும்பும்போது கையில் ரசீது: கையாளுகைக் கட்டணம், வசதிக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம். கூட்டினால் இன்னொரு மணி நேரம் பறந்திருக்கலாம். எனக்கு இது நடந்திருக்கிறது. நண்பரை இறக்கிவிட்டுப் புறப்பட இருபது நிமிடம்கூட ஆகவில்லை. "பாதுகாப்புக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பாவம், அவரிடம் பதில் இல்லை. ஒரு குக்கீ எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

உபசாரக் கொள்கை எங்கிருந்து வந்தது என்பது புரியாத புதிர் ஒன்றும் இல்லை. 172-இன் இப்போதைய மாடலில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் மொத்தமே 53 கேலன். ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550 ஜெட் சுமார் 6,000 கேலன் கொள்ளும். அந்த ஜெட் ஒருமுறை நிரப்புவதில் வரும் லாபத்தை எங்களைப் போன்றவர்களிடமிருந்து எடுக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடைக்காரர் ஜெட்டைப் பார்த்து ஓடுவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஜெட்காரருக்காகப் போட்ட கடையை 'பைலட்டுகள் விரும்புவது இது' என்று எல்லோர் தலையிலும் கட்டுவதுதான் பித்தலாட்டம். ஜெட் முதலாளியாவது அந்தச் சோபாவில் உட்காருகிறாரா என்றால் அதுவும் பெரும்பாலும் இல்லை. கார் நேராக விமானத்தின் இறக்கைக்கு அடியில் வந்து நிற்கும், ஏறிப் போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை அங்கே காத்துக் கிடப்பவர்கள் அவரிடம் சம்பளம் வாங்கும் இரண்டு பைலட்டுகள். அவர்களுக்கும் வேண்டியது இருட்டறையில் ஒரு சாய்வு நாற்காலி. பளிங்கு யாருக்கு என்று கேட்டால், திறப்பு விழாப் புகைப்படத்துக்கு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

சரி, வேண்டியது என்ன? அயோவா, கான்சஸ் பக்கத்துச் சோளக்காட்டு நிலையம் ஒன்றுக்கு இரவில் போய்ப் பார்த்தால் தெரியும். கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது, ஆள் கிடையாது, ஓடுதளமும் இருட்டாக இருக்கும். ரேடியோவின் பொத்தானை ஐந்து விநாடிக்குள் ஏழு முறை அழுத்தினால் விளக்குகள் முழு வெளிச்சத்தில் எரியும். ஐந்து முறை என்றால் நடுத்தரம், மூன்று என்றால் மங்கல். இறங்கி, பம்ப் அருகே எஞ்சினை அணைக்கிறீர்கள். முதல் வேலை தரைக்கம்பியின் கவ்வியை விமானத்தின் உலோகப் பகுதியில் மாட்டுவது. நிலைமின் பொறி ஒன்று போதும், எல்லாம் முடிந்துவிடும். அட்டையைச் செருகினால் இயந்திரம் விமானத்தின் வாலில் எழுதிய பதிவு எண்ணைக் கேட்கும், எத்தனை கேலன் என்று கேட்கும். வெயிலில் வெளுத்துப்போன திரையைக் கைவிளக்கில் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஏணியை இழுத்துவந்து இறக்கைமேல் இருக்கும் மூடியைத் திறந்து நீங்களே நிரப்புகிறீர்கள். பிறகு தொட்டியின் அடியிலிருந்து சிறு குப்பியில் கொஞ்சம் வடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நீல நிறம் இருக்கிறதா, அடியில் தண்ணீர்க் குமிழ் உருள்கிறதா என்று. ரசீது அச்சிடும் தாள் பாதி நாள் தீர்ந்துபோய் இருக்கும். யாரும் கவலைப்படுவதில்லை.

பக்கத்தில் தகரக் கூரைக் கட்டடம். கதவில் எண் பூட்டு. பைலட்டாக இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஓர் எண்ணைத் தட்டச் சொல்லிச் சின்னக் குறிப்பு. உள்ளே கழிப்பறை, ஒரு பழைய சோபா, வானிலை பார்க்க இணையம், சுவரில் ஆணி, ஆணியில் கார்ச் சாவி. போலீஸ்காரர்கள் ஓட்டித் தேய்ந்து ஓய்வு கொடுத்த பழைய ஃபோர்டு கார் அது. நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டு ஊருக்குள் போய்ச் சாப்பிட்டு வரலாம். திரும்பும்போது பெட்ரோல் போட்டு வைக்க வேண்டும், அது எழுதாத சட்டம். இந்த இடத்தைப் பற்றி எந்த பைலட்டும் குறை சொல்லிக் கேட்டதில்லை. ஐநூறு மைல் சுற்றளவில் நண்பர்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

கழிப்பறையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. மூன்று மணி நேரம் பறந்துவிட்டு, மாலை ஆறு மணிக்குப் பூட்டிய எஃப்.பி.ஓ. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நிற்பவரிடம் உள்ளே தெரியும் சரவிளக்கைப் பற்றிக் கருத்துக் கேட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் கதவு வைத்த ஒரு கழிப்பறை போதும். அதேபோல வேலி. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பல நிலையங்களில் உயர்ந்த வேலியும் பூட்டிய வாயிலும் வந்தன. பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வெளியே போனவர் நடுராத்திரியில் தன் சொந்த விமானத்துக்குத் திரும்ப முடியாமல் வாயிலில் நின்றுகொண்டு யாருக்கோ போன் அடிக்க நேர்வதைப் பாதுகாப்பு என்று எழுதிவைப்பது அபத்தம்.

உபசாரத்தால் கெடுதலே வருவதும் உண்டு. தரைச்சேவை நடத்துபவர்கள் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அன்போடு வந்து முன்கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பார்கள். அது கண்ணாடியே இல்லை, அக்ரிலிக் பிளாஸ்டிக். காகிதத் துண்டால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும், அம்மோனியா கலந்த வீட்டுத் திரவம் பட்டால் நுண்விரிசல் ஓடும். அஸ்தமனச் சூரியனை நோக்கி இறங்கும்போது அந்தக் கீறல் ஒவ்வொன்றும் ஒளிர்ந்து கண்ணை மறைக்கும். கேட்காமலே இழுவை வண்டியை மாட்டி ஓரமாக நகர்த்துவார்கள். 172-இன் மூக்குச் சக்கரம் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் திரும்பாது, அதற்கும் மேல் வளைத்தால் உள்ளே உடையும், உடைந்தது அடுத்த தரையிறக்கத்தில்தான் தெரியும். பெரிய மனசோடு தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிடுவார்கள். ஆவ்கேஸ் எனப்படும் இந்த விமானப் பெட்ரோல் ஒரு கேலன் 6 பவுண்டு எடை. தொட்டி நிறைந்தால் 172-இல் நான்கு பெரியவர்கள் ஏற முடியாது, எடை வரம்பு தாண்டிவிடும். ஜூலை மாத வெயிலில் கொலராடோ மலையில் அந்தக் கூடுதல் எடை விளையாட்டுக் காரியம் இல்லை. கேட்ட அளவு மட்டும் நிரப்பு, கேட்காததைத் தொடாதே. பைலட் எதிர்பார்க்கும் மரியாதை இவ்வளவுதான்.

அதற்காக ஆளே வேண்டாம் என்று நான் வாதிடுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலை தெரிந்த ஆள் வேண்டும். 2019 அக்டோபரில் இந்தியானா மாநிலத்தின் கோகோமோ நகரில் ஒரு பைப்பர் ஏரோஸ்டார் புறப்பட்ட சிறிது நேரத்தில் விழுந்து அதன் பைலட் இறந்துபோனார். அது இரட்டைப் பிஸ்டன் எஞ்சின் விமானம், ஆவ்கேஸில் மட்டுமே ஓடும். அதில் நிரப்பப்பட்டது ஜெட் எஞ்சின்களுக்கான ஜெட்-ஏ. எரிபொருள் போட்ட ஊழியர் ஜெட் எரிபொருளா என்று பைலட்டிடம் கேட்டிருக்கிறார், ஆம் என்று பதில் வந்ததாகவும் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு தவறு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஜெட்-ஏ குழாயின் முனையை வாத்தின் அலகுபோல அகலமாகச் செய்கிறார்கள். ஆவ்கேஸ் தொட்டியின் வாயில் அது ஒழுங்காக நுழையாது. அன்றும் நுழையவில்லை. ஊழியர் முனையைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினார். விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கிய இடம் அதுதான். குழாயே 'இது தப்பான விமானம்' என்று சொல்லியும் அதைப் புரிந்துகொள்ளும் பயிற்சி அந்தக் கைக்குக் கிடைக்கவில்லை. பைலட்டின் பிழை இல்லையா என்றால், இருக்கிறது, பெரும்பிழை. ஆனால் ஒருவர் தவறும்போது இன்னொருவர் பிடித்துக்கொள்வதற்குப் பெயர்தான் தரைச்சேவை. புது ஊழியருக்குப் புன்னகைக்கக் கற்றுத்தருவதற்கு முன்னால், 'டர்போ' என்று விமானத்தில் எழுதியிருந்தால் அது ஜெட் எரிபொருளில் ஓடும் டர்பைன் எஞ்சின் என்று பொருளாகாது என்பதைக் கற்றுத்தர வேண்டும்.

இப்போது எதிர்த்தரப்பின் வாதங்களுக்கு வருவோம். முதலாவது, இந்த பைலட்டுகள் கஞ்சர்கள் என்பது. ஒரு சொட்டு எரிபொருள் வாங்காமல், காபி குடித்து, கழிப்பறைக்குப் போய், காரை எடுத்துச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்களாம். உண்மைதான், அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், எனக்கே சிலரைத் தெரியும். அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் கட்டணமே கூடாது என்று விவரமான பைலட் எவரும் சொல்வதில்லை. ஓர் இரவு நிறுத்த இவ்வளவு, காருக்கு இவ்வளவு என்று இணையத்தில் போடுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும் வரை விலையைச் சொல்லாமல் இருப்பதும், கேட்காத சேவையைக் கட்டாயமாகத் தலையில் கட்டுவதும், 'இத்தனை கேலன் வாங்கினால் தள்ளுபடி' என்று ஏற்கெனவே தொட்டி நிறைந்தவரிடம் சொல்வதும்தான் சண்டைக்குக் காரணம்.

இரண்டாவது வாதம் செலவு. காப்பீடு, எரிபொருள் லாரி வாடகை, தொட்டிப் பராமரிப்பு, ஆள் சம்பளம். ஆவ்கேஸ் விற்பனை குறைவு என்பதால் கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். இந்தச் செலவுகள் பொய்யில்லை. ஆனால் எந்தச் செலவு யாருக்காக? அட்டை செருகும் பம்ப் இரவிலும் விற்கும், அதற்கு ஓவர்டைம் கிடையாது. சுயசேவைப் பம்பில் விலை குறைவாகவும் லாரியில் கூடுதலாகவும் வைத்தால் அவரவர் தேர்ந்துகொள்வார்கள். செலவு கட்டவில்லை என்று கைவிரிக்கிற அதே இடத்தில் வரவேற்பறை மட்டும் எப்படிப் புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும். உண்மையான செலவு ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. இன்று விற்கும் ஆவ்கேஸில் பெரும்பாலானதில் ஈயம் இருக்கிறது. அதை 2030-க்குள் ஒழிப்பது என்று தொழில்துறையும் அரசும் இலக்கு வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவின் சாந்தா கிளாரா கவுண்டி தன் நிலையங்களில் 2022 தொடக்கத்திலேயே ஈய ஆவ்கேஸ் விற்பனையை நிறுத்திவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பழையதையும் புதியதையும் சேர்த்து விற்க நினைக்கும் நிலையத்துக்கு இரண்டாவது தொட்டி வேண்டும். காசு இருந்தால் அங்கே போடட்டும், ஓடுதளத்தின் ஓரத்தில் குடியிருக்கும் குழந்தைகளுக்காவது நல்லது.

மூன்றாவதுதான் தடித்த வாதம்: பிடிக்கவில்லையென்றால் வேறு இடம் போங்கள், இது சுதந்திரச் சந்தை. நம்மூரில் இரவு பஸ்ஸில் போகிறவர்களுக்கு நெடுஞ்சாலை மோட்டலைத் தெரியும். டிரைவர் நிறுத்திய இடம்தான், டீ என்ன விலையோ அதுதான், கழிப்பறைக்கும் காசு, பக்கத்தில் வேறு கடை கிடையாது. பல அமெரிக்க நிலையங்களில் எஃப்.பி.ஓ. ஒன்றே ஒன்று. மோட்டலாவது தன் சொந்த நிலத்தில் இருக்கிறது. இங்கே விமானம் நிற்கும் கான்கிரீட் பரப்பே பொதுப்பணத்தில் போட்டது. ஆவ்கேஸ் ஒவ்வொரு கேலனிலும் 19.4 சென்ட் மத்திய வரி உண்டு. அதில் பெரும்பகுதி 1970-இல் உருவான விமான நிலைய, வான்வழி அறக்கட்டளை நிதிக்குப் போய், அங்கிருந்து மானியமாகத் திரும்பி வருகிறது. சிறு நிலையங்களில் தகுதியுள்ள திட்டங்களுக்கான செலவில் பெரும்பகுதியை மத்திய அரசு ஏற்கிறது. மானியம் வாங்கிய ஊர் சில உறுதிமொழிகளுக்குக் கட்டுப்பட்டது. நியாயமான நிபந்தனைகளில், பாரபட்சம் இல்லாமல் எல்லா விமானங்களுக்கும் நிலையத்தைத் திறந்து வைக்க வேண்டும், யாருக்கும் தனியுரிமை கொடுக்கக் கூடாது, விமானக்காரர் தன் விமானத்துக்குத் தானே சேவை செய்துகொள்வதைத் தடுக்கக் கூடாது. சந்தை என்று சொல்லிக்கொண்டு இந்தக் கையெழுத்தை மறக்க முடியாது.

சந்தை எப்படிப்பட்டது என்பதையும் கவனியுங்கள். 2021-இல் பல நிலையங்களில் எஃப்.பி.ஓ. நடத்தும் சிக்னேச்சர் நிறுவனத்தை பிளாக்ஸ்டோன் உள்ளிட்ட முதலீட்டாளர்கள் ஏறத்தாழ 470 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அதே ஆண்டு அதன் போட்டியாளரான அட்லாண்டிக் ஏவியேஷனை கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 450 கோடி டாலருக்கு வாங்கியது. சூடான குக்கீ விற்று இந்த விலை கிடைக்காது. மாற்றுக்கடை இல்லாத இடத்தில் வாயிலைக் கையில் வைத்திருப்பதற்கு நிதிச் சந்தை கொடுத்த மதிப்பு அது. விமான உரிமையாளர், பைலட் சங்கமான ஏ.ஓ.பி.ஏ. 2017-இல் கீ வெஸ்ட், ஆஷ்வில், வாக்கீகன் ஆகிய மூன்று நிலையங்களின் கட்டணங்கள் குறித்து மத்திய விமானத் துறையிடம் முறையீடு செய்தது. 1939 முதல் இருக்கும் ஒரு சங்கம் அந்த அளவுக்குப் போனது என்றால் புலம்பல் வெறும் கஞ்சத்தனமாக இருக்க முடியாது.

கட்டணம் என்பது காசோடு முடிகிற விஷயமும் இல்லை. பகலில் பார்வை விதிப்படி, அதாவது வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பவர் சேரும் இடத்தை அடைந்த பிறகும் 30 நிமிடத்துக்கான எரிபொருள் மிச்சம் வைத்திருக்க வேண்டும், இரவென்றால் 45 நிமிடம். அது சட்டம். எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததால் மட்டும் 2011 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட விபத்துகள் நடந்ததாகத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-இல் எச்சரித்தது. எஃப்.பி.ஓ. கட்டணத்தால்தான் அவை நடந்தன என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை மனிதரின் அசட்டையால் வந்தவை. ஆனால் காற்று எதிர்த்து வீசி, தொட்டி முள் கால்வாசிக்கு இறங்கி, கீழே தெரியும் நிலையத்தில் இறங்கினால் எவ்வளவு பிடுங்குவார்கள் என்று ஒருவர் யோசிக்க நேர்கிறது என்றால், அந்த யோசனையே இருக்கக் கூடாத யோசனை. கீழே மலிவான பம்ப் இருக்கிறது என்று தெரிந்த பைலட் தயங்காமல் இறங்குவார். இடி மின்னல் வழியை மறித்தால் அந்தப் பழைய சோபாவில் தூங்கிவிட்டு மறுநாள் போவார்.

ஊருக்கு என்ன லாபம் என்று நகர்மன்றத்தார் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 'நூறு டாலர் ஹாம்பர்கர்' என்று அமெரிக்க பைலட்டுகளிடையே ஒரு வழக்கு உண்டு. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்காக ஐம்பது அறுபது மைல் பறந்து போவார்கள். ஹாம்பர்கரின் விலை கொஞ்சம், மீதியெல்லாம் பறந்த செலவு. பறப்பதற்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். கொலராடோவின் லெட்வில் நிலையம் 9,934 அடி உயரத்தில் இருக்கிறது, வட அமெரிக்காவில் அதைவிட உயரமான விமான நிலையம் இல்லை. அங்கே இறங்கினால் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அந்தத் தாளுக்காகவே மாநிலம் தாண்டி வருகிறார்கள், வீட்டில் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். அச்சிட என்ன செலவாகும்? பழைய கார் ஒன்றைச் சாவியோடு வைத்தால் வருகிறவர் கடைத்தெருவுக்குப் போவார், சாப்பிடுவார், ஏதாவது வாங்குவார். வரவேற்பறையிலேயே குக்கீயும் காபியும் கொடுத்து உட்கார வைத்தால் ஊரைப் பார்க்காமலே கிளம்பிவிடுவார். தலைவாசல் என்று சொல்லிக்கொண்டு அதைத் தாண்டி உள்ளே வர விடாமல் செய்வது இதுதான்.

கயிற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். நின்றிருக்கும் சிறு விமானத்தை மூன்று இடத்தில் கட்ட வேண்டும், இரண்டு இறக்கை, ஒரு வால். கான்சஸ் காற்றில் கட்டாமல் விட்டால் காலையில் விமானம் இருந்த இடத்தில் இருக்காது. தரையில் வளையம் இருக்கும், கயிறு வெயிலில் நைந்து தொட்டால் பொடியாகும், அல்லது கயிறே இருக்காது. இரும்புக் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் சமாசாரம். வரவேற்பறையில் மூன்று வகைத் தேயிலை வைத்திருக்கும் ஒரு நிலையத்தில் என் விமானத்தை நான் கொண்டுபோன கயிற்றால் கட்டியிருக்கிறேன்.

இதையெல்லாம் தீர்மானிப்பது குத்தகைப் பத்திரம். ஊருக்கும் தரைச்சேவை நிறுவனத்துக்கும் இடையிலான அந்த ஒப்பந்தம் ஒருமுறை கையெழுத்தானால் இருபது, முப்பது வருடம் அசைக்க முடியாது. கட்டணப் பட்டியலை இணையத்தில் போட வேண்டும், சுயசேவைப் பம்ப் இரவிலும் ஓட வேண்டும், சேவை எதுவும் கேட்காதவர் கட்டணம் இல்லாமலோ சிறு கட்டணத்திலோ நிறுத்திக்கொள்ளப் பரப்பில் ஒரு மூலையை ஒதுக்க வேண்டும், அங்கிருந்து எஃப்.பி.ஓ. கட்டடத்துக்குள் நுழையாமலே வெளியே போக ஒரு வாயில் வேண்டும். இவற்றை அந்தப் பத்திரத்தில் எழுத முடியும். எழுதாமல் விட்டால் கேட்க ஆளில்லை. குத்தகை விவாதத்துக்கு வரும் நாளில் நிறுவனத்தின் வழக்கறிஞரும் புது வரவேற்பறையின் வண்ணப் படத்தோடு ஆலோசகரும் தவறாமல் வந்துவிடுகிறார்கள். பைலட்டுகள் வருவதில்லை. அமெரிக்காவில் பறக்கும் தமிழ் நண்பர்கள் இப்போது கணிசமாகப் பெருகியிருக்கிறீர்கள், உங்கள் ஊர் நிலையத்தின் குத்தகை எந்த ஆண்டு முடிகிறது என்று நகராட்சி அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். அந்தக் கூட்டங்கள் பொதுக் கூட்டங்கள், யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். போய்ப் பேசுங்கள்.